எங்கள் பேட்டையின் ஒரே ஏழை

சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு முன்னால் ஏழை வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது, ஷென்ஜெனில் எங்கள் பேட்டை அலுவலகத்தின் தலையாய கடமை. அந்த ஆண்டு ஏழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஒப்பந்த ஊழியனான என் தலையில் விழுந்தது.

பேட்டையில் முப்பதாயிரம் பேர் இருக்கிறோம். ஆனால் பிழைக்க வந்த எங்களுக்குக் குடும்பப் பதிவு சொந்த ஊரில். விதிப்படி அங்கேதான் நாங்கள் ஏழையாக முடியும். இங்கே ஏழையாகும் தகுதி உள்ளூர்க்காரர்கள் நானூறு பேருக்கு மட்டுமே. அத்தனை பேரும் கட்டட முதலாளிகள்.

"இருக்கிறவங்கள்ல யாருக்குக் கம்மி?" என்றார் இயக்குநர் ஓவ்யாங் அம்மையார்.

"எல்லாருக்கும் ரெண்டு, மூணு கட்டடம், மேடம். மாக் ஒருத்தருக்குத்தான் ஒண்ணே ஒண்ணு. ஆறு மாடி."

"ஐயோ பாவம். லிஃப்ட் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப அவரையே போடு."

மாக் என் வீட்டுக்காரர். கட்டிலும் அடுப்பும் உரசிக்கொள்ளும் அறைக்கு இரண்டாயிரம் யுவான், என் சம்பளத்தில் பாதி, அவருக்குத்தான் போகிறது. அதை இரண்டாயிரத்து அறுநூறு ஆக்கப்போவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார். என் மனைவி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாடகை ஏறினால் இரண்டு வயிறு தாங்காது. படம் எடுக்கப் போகிற சாக்கில் கெஞ்சிவிடுவது என்று அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சாவிக்கொத்தும் ரப்பர் செருப்புமாக வந்தார் மாக். "உள்ள கொண்டுபோய் வச்சிரு தம்பி, எனக்கு முதுகுவலி."

"அண்ணே, இந்த வருசம் மட்டும் வாடகைய ஏத்தாதீங்க. வீட்டுக்காரி வந்திருக்கா."

"நான் என்னப்பா பண்ணட்டும்? நீயே என்னை ஏழைன்னு எழுதிக் குடுத்துட்டே. ஏழை எங்கேருந்து விட்டுக்குடுப்பான்?"

நான் முத்திரை குத்திய தாள் அவர் கையில் இருந்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் படத்துக்குச் சிரித்தேன்.

அடுத்த மாதம் வாடகை ஏறியது; மனைவி ஊருக்கு ரயிலேறினாள்.

ஆண்டு முடிவில் கூட்டம். மாக் குடும்பத்தின் வருமானம் முப்பது சதவீதம் உயர்ந்து, பேட்டையில் வறுமை அடியோடு ஒழிந்துவிட்டதாக நான் எழுதிய அறிக்கையை அம்மையார் வாசித்தார். மண்டபமே கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப்பேர் வாடகைக்கு இருப்பவர்கள். நானும் தட்டினேன்.

"அப்படியே விட்டுடாதே," என்றார் அம்மையார். "அவர் மறுபடியும் வறுமையில விழாம பாத்துக்கறது உன் பொறுப்பு. வருமானம் வருசா வருசம் ஏறணும்."

மறுநாள் காலையிலேயே மாக்கின் கதவைத் தட்டி, அடுத்த ஆண்டு வாடகையை இன்னும் உயர்த்தாதது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தேன்.