தவிட்டாளின் குஞ்சுகள் என்ன நிறம்?

உலகத்தில் எத்தனையோ நாடுகள் உண்டு. ஆனால் தினமும் சூரியனை எழுப்பிவிடும் பொறுப்பு கொண்டைநாட்டுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது. அந்நாட்டுச் சேவல்கள் விடியற்காலையில் கூவாவிட்டால் பூமி இருட்டிலேயே கிடக்கும் என்பது அங்கே முட்டைக்குள்ளேயே படித்துவிடும் பாடம். அப்படிக் கூவாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு பொறுப்பான குடிமக்கள்.

நாடு ஒன்றும் பெரியதில்லை. சுற்றிலும் ஒரு வேலி, நடுவில் ஒரு குப்பைமேடு, ஓரத்தில் ஒரு வேப்பமரம். பகலெல்லாம் குப்பையைக் கிளறுவார்கள், பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறி அடைவார்கள். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது. ஆகவே இருட்டிய பிறகு நடந்த எதுவும் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்ததே இல்லை. சில ராத்திரிகளில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கை வரும். எட்டுகிற கிளையைத் தடவி, அகப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகும். மறுநாள், அவர் வெளியூர் போயிருப்பதாக அறிவிப்பு வரும்.

மன்னர் செம்பொன்னார் அருமையான செவலைச் சேவல். தேர்தலில் முறையாக வென்றவர். கூவித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் பெட்டைகளுக்கு வாக்கு இல்லை. மன்னர் நிற்கும் மேட்டில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்ற விதி இருந்ததால் போட்டியும் இல்லை.

ஒரு வருடம் தீனி குறைந்தது. பெட்டைகள் முணுமுணுத்தார்கள். மன்னர் மேட்டில் ஏறி நின்றார். "என் அருமைக் குடிகளே! உங்களுக்குக் குறைந்திருப்பது தீனி அல்ல, பெருமை!" என்றார். கூட்டத்துக்கு அது புதிய செய்தியாக இருந்தது. கைதட்ட முடியாததால் சிறகடித்தார்கள்.

குடிகளுக்குப் பெருமை வழங்குவதற்காகத் தூய இன ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் அமைச்சர் வான்கோழியார். நாட்டுக்கோழியின் இனத்தை நடுநிலையோடு ஆராயக் கோழியாக இல்லாத ஒருவரே தகுதியானவர் என்று மன்னர் விளக்கினார். குழுவும் சும்மா இருக்கவில்லை. இறகின் நிறமே இனம், இனமே தகுதி என்று கண்டுபிடித்தது. உச்சிக்கிளை செவலைக்கு. அடுத்தது வெள்ளைக்கு. அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே புள்ளி. கை எட்டுகிற அடிக்கிளை கருப்புக்கு.

மேலே இருப்பவர்களின் எச்சம் கீழே இருப்பவர்கள்மேல் விழும் அல்லவா? அதற்கு 'மேலருள்' என்று பெயர் சூட்டப்பட்டது. சாம்பல்கள் முதுகெல்லாம் வெள்ளையாக நின்றாலும், தங்களுக்குக் கீழே புள்ளிகள் இருப்பதை நினைத்து நெஞ்சை நிமிர்த்தினார்கள். கருப்புகளுக்குக் கீழே யாருமில்லை. அவர்களுக்கு 'நாட்டின் அடித்தளம்' என்ற பட்டம் விழா நடத்தி வழங்கப்பட்டது. அந்த விழா முடிந்த கையோடு தீனி பாதியாக்கப்பட்டது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

எந்தக் கிளைக்கும் சரியாகப் பொருந்தாத தவிட்டு நிறத்துப் பெட்டை ஒருத்தி இருந்தாள். பெயரே தவிட்டாள். வேலியோரத்து முள்ளுக்குவியலுக்குள் அடைகாத்து அவள் குஞ்சு பொரித்தாள். மஞ்சளில் ஒன்று, பழுப்பில் ஒன்று, முதுகில் கோடு போட்டதாக இரண்டு, கடைசியாக மிளகு மாதிரி கன்னங்கரேலென்று ஒன்று. அதற்கு மிளகு என்றே பெயர் வைத்தாள். விஷயம் தெரிந்ததும் வான்கோழியார் பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார்.

"இவை எத்தனை இனங்கள்?" என்று தொங்குதாடி ஆடக் கேட்டார்.

"ஒரே எனமுங்க. எல்லாம் என்ற புள்ளைங்க."

"அரசு கேட்பது நிறத்தை."

"நெறமுங்களா? றெக்கைக்குள்ள இருக்கறப்ப எது கருப்பு, எது மஞ்சள்னு எனக்கே தெரியாதுங்க சாமி. கதகதன்னு இருக்குதுங்களான்னு மட்டுந்தான் பாப்பேன்."

"பொறுப்பற்ற தாய்" என்று தீர்மானித்தது குழு. குஞ்சுகள் கிளை ஏறும் வயது வந்ததும் நிறவாரியாகப் பிரிக்கப்படும், மிளகு அடிக்கிளைக்குப் போகும் என்று உத்தரவானது. அன்றிலிருந்து தவிட்டாளுக்கு ஒரே கவலை, அந்தக் கை. அடிக்கிளையின் நுனியில் குட்டியாக ஒன்று உட்கார்ந்திருந்தால் கை முதலில் எதைத் தொடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் குஞ்சுகள் சும்மா இருக்குமா? வளர்ந்தன. குஞ்சுமயிர் உதிர்ந்து இறகு முளைத்தது. மஞ்சள் குஞ்சு கருத்தது. பழுப்பு புள்ளியாயிற்று. கோடுகள் சாம்பலாயின. மிளகுக்கோ தகதகவென்று செவலை இறகு வந்தது. வாலின் வளைவு, கொண்டையின் சாய்வு எல்லாம் மன்னரை உரித்து வைத்த மாதிரி இருந்தன. பார்த்தவர்கள் அவசரமாகக் குனிந்து குப்பையைக் கிளறினார்கள்.

"இது நிறமோசடி!" என்று சபையில் முழங்கினார் வான்கோழியார்.

"வளர்ற புள்ளைங்க சாமி. மாறத்தானுங்க செய்யும்."

"பொரிந்த அன்று இருந்த நிறமே சட்டப்படி நிறம். பிறகு முளைப்பவை வெறும் இறகுகள். மிளகு சட்டப்படி கருப்பு. இன்று மாலையே அடிக்கிளை ஏற வேண்டும்."

தவிட்டாள் மேட்டின் அருகே போனாள். மன்னரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க ராசா, நீங்க பொரிஞ்சப்ப என்ன நெறமுங்க?"

மன்னர் அவசரமாகக் குனிந்து காலடிக் குப்பையைக் கிளறினார். வான்கோழியார்தான் தொண்டையைச் செருமினார். "மன்னர் பொரியவில்லை. உதித்தார்."

"அப்படீங்களா? என்ற மகன் பொரிஞ்சவனுங்க. அவன் கெளைக்கு வரமாட்டான். நாங்க யாருமே வரமாட்டோம்."

தீர்ப்பு உடனே வந்தது. தவிட்டாளும் குஞ்சுகளும் இன்றுமுதல் கிளையற்றவர்கள். அவர்களுக்குத் தீனி கிடையாது. பெருமைப்படும் உரிமையும் கிடையாது.

அவள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முள்ளுக்குவியலுக்குத் திரும்பினாள். உரிமை பறிக்கப்பட்டவள் நடக்கும் நடையாக அது இல்லை. கழுத்து நிமிர்ந்திருந்தது, கால் அழுந்திப் பதிந்தது. இந்தக் கதையைச் சொல்லும் நான் அந்த நாட்டில் எத்தனையோ பெருமைகளைப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்தபோதுதான் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. மரத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் புழு பூச்சியைக் கிளறி, ஈசலைப் பொறுக்கி, குஞ்சுகளை வளர்த்தாள்.

பிறகு வேலிக்கு அப்பால் ஒரு பண்டிகை வந்தது. மாலையில் மசாலா அரைக்கும் வாசனை நாடு முழுவதும் அடித்தது. வான்கோழியார் அதை அண்டை நாட்டின் நல்லெண்ணம் என்று வரவேற்றார். இருட்டியதும் கை வந்தது. இந்தமுறை ஏணியோடு வந்தது.

அடிக்கிளையைத் தடவியது. எலும்பும் தோலுமாக இருந்தது. விட்டது. அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை என்று ஏறியது. இருட்டில் கைக்கு நிறம் ஏது? கனம்தான் தெரியும். நாட்டின் தீனியெல்லாம் எங்கே போயிருந்ததோ, அங்கே போய் நின்றது. வான்கோழியாரைத் தூக்க இரண்டு கைகள் வேண்டியிருந்தன.

மறுநாள் காலை உச்சிக்கிளை காலியாக இருந்தது. அதிர்ச்சியில் ஒரு சேவலும் கூவவில்லை. சூரியன் வழக்கம்போல எழுந்தான்.

மதியம் காற்றடித்தபோது வேலியைத் தாண்டி இறகுகள் வந்து விழுந்தன. ஆய்வுக் குழுவில் எஞ்சியிருந்த சாம்பல் சேவல் அவற்றை இனவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தார். வெந்நீரில் முக்கிப் பிடுங்கிய இறகுகள். செவலையும் வெள்ளையும் அமைச்சரும் ஒன்றாகச் சுருண்டு அழுக்கு நிறத்தில் கிடந்தன. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேலியோரம் கிளறிக்கொண்டிருந்தவளிடம், "தவிட்டாளே, இதில் மன்னர் யார்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. காஞ்சா மெத்துன்னு இருக்கும்" என்று சொல்லி, ஒரு கொத்தைக் கவ்விக்கொண்டு போய் முள்ளுக்குள் பரப்பினாள்.

மாலைக்குள் காலிக்கிளை யாருக்கு என்று வெள்ளைகளில் மிஞ்சியவர்களும் சாம்பல்களும் கொத்திக்கொண்டார்கள். சாம்பல் சேவல் வென்றார். மேட்டில் ஏறி நின்றார். "என் அருமைக் குடிகளே! உங்களுக்குக் குறைந்திருப்பது தீனி அல்ல..." என்று ஆரம்பித்தார். பலர் சிறகடித்தார்கள்.

எல்லோரும் அல்ல. பேச்சு முடிவதற்குள் அடிக்கிளையிலிருந்து ஒரு கருப்புப் பெட்டை இறங்கி, தயங்கித் தயங்கி முள்ளுக்குவியலுக்கு வந்தாள். அவள் பின்னால் ஒரு புள்ளி. அதன் பின்னால், முதுகில் காய்ந்த மேலருளோடு ஒரு சாம்பல்.

"நான் என்ன நெறம்னா..." என்று தொடங்கினாள் கருப்பி.

தவிட்டாள் இறக்கையைத் தூக்கி இடம் விட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"குளுருதா கண்ணு?"