உன் படத்துக்குப் போட்ட உடையாத கண்ணாடி

என் வஞ்சிரமே,

உன் பெண்டாட்டி கெங்கம்மா எழுதுவது. நான் சுகம். நீ போய்ச் சேர்ந்த இடத்தில் சுகமா என்று கேட்கலாமா தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

கடல் காற்றில் உன் போட்டோ விழுந்து கண்ணாடி உடைந்தது. உன் முகம் இருப்பது அது ஒன்றில்தான் என்பதால் மயிலாப்பூரில் பிரேம் போடும் பீர் முஹம்மதுவிடம் கொண்டுபோனேன். புது பிரேம் போட்டுக் கொடுத்தான், கையில் கனமே இல்லை. தட்டினால் கண்ணாடிச் சத்தமும் இல்லை. “இன்னாய்யா இது, பிளாஸ்டிக்கா?” என்றேன். “அக்ரிலிக்மா. கண்ணாடில பாதி கனம்கூட இல்ல, கீழ வுழுந்தா சுக்கலாவாது. பிளேன் ஜன்னலே இதுலதான் செய்றாங்க” என்றான். பிளேன் ஏறினவர் நம் குப்பத்தில் யார், போய்க் கேட்க? மெட்ராஸைச் சென்னை என்று மாற்றின மாதிரி பிளாஸ்டிக்குக்கும் பேர் மாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கைக் கிட்டே வைக்காதே, சூட்டில் வளைந்துபோகும் என்று வேறு சொன்னான். போனவர் படத்துக்கு முன்னால் வைக்காத விளக்கை வேறு எங்கே வைப்பது? வீட்டில் மாட்டினால் நீ பனிக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறாய். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கத் துடைத்தேன், மூட்டம் போகவில்லை, சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கன்னமெல்லாம் கீறல். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் எட்டிப் பார்த்து, “ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சியக் காட்ட மாட்டேங்காரே, கோவமோ?” என்கிறாள். அவளை விடு. கண்ணை மூடினால் எனக்கே உன் முகம் முன்னே மாதிரி வருவதில்லை. படமும் மங்கிவிட்டால் நான் எதைப் பார்த்து உன்னோடு பேசுவது? நாளைக்கு அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்.

வலைக்குப் போகிற உன் தம்பியையும் நம் பிள்ளைகளையும் அங்கிருந்தே பார்த்துக்கொள். பீர் முஹம்மதுவைப் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கெங்கம்மா

பி.கு.: கடைக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன். அவன் நகத்தால் ஓரத்தைக் கிளறி, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்தான். கீறல் விழாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஒட்டி அனுப்புவார்களாம். என் கீறல் எல்லாம் அந்தத் தாளோடு போயிற்று. “இன்னாம்மா, மீனைச் செதிலோடயா கொழம்பு வைப்ப?” என்றான். அவனையும் பார்த்துக்கொள். ஆனால் இத்தனை துலக்கமாய் நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. நீ கேமராவைப் பார்க்கவில்லை, ஓரமாய் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாய். படம் எடுத்த அன்றைக்கு நான் மீன் கூடையோடு ஸ்டூடியோ வாசலிலேயே நின்றுவிட்டேன். வாசல் எந்தப் பக்கம் என்று ஞாபகமில்லை, போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கே இப்போது எஸ்.டி.டி. பூத். நீ சிரித்தது என்னைப் பார்த்தா, வேறு யாரையாவது பார்த்தா?