இருட்டில் வளர்த்த தக்காளி

சொட். சொட். சொட்.

கூரைதான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, கண்ணைத் திறக்காமல் போர்வையை மூக்குவரை இழுத்தேன். அடுத்த சொட்டு நெற்றியில் விழுந்தது.

"படுத்துக்கிட்டே தண்ணி பாய்ச்சற ஒரே விவசாயி நீங்கதான்" என்றாள் என் மனைவி.

பீரோ மேலிருந்த நாற்றுத் தட்டு வழிந்துகொண்டிருந்தது. அதில் ஆறு தக்காளி விதைகள். என் தூக்கமே அவற்றை நம்பித்தான் இருந்தது.

நான் இரவுக் காவலாளி. பகல்தான் எனக்கு ராத்திரி. வீட்டுக்கு ஒரே ஜன்னல், அதுவும் படுக்கையறையில். கறுப்புத் திரையை இழுத்துவிட்டுத்தான் படுப்பேன். மனைவிக்குத் தையல் தொழில். சமையலறை மூலையில் வெளிச்சம் போதவில்லை, மெஷினை ஜன்னலோரம் போடவேண்டும் என்றாள். அதாவது என் தலைமாட்டில்!

"அந்தச் சத்தத்துல பொணம்கூட எழுந்து உக்காந்துடும்" என்றேன்.

"சரி, பந்தயம். விதை போட்டு ஒரு தக்காளி நாத்து வளர்த்துக் காட்டுங்க. ஒரு மாசத்துல நாலு இலையோட நிமிர்ந்து நிக்கணும். நின்னா மெஷின் பேச்சையே எடுக்கமாட்டேன்."

வெயில் எனக்கே ஆகாது, பிஞ்சு விதைக்கு எப்படி ஆகும்? தட்டை இருட்டறையிலேயே வைத்தேன். முளைத்தன. மளமளவென்று வளர்ந்தன. "உயரத்தைப் பாத்தியா?" என்று மார்தட்டினேன். மறுவாரமே வெளுத்து, நூலாக இளைத்து, ஆறும் படுத்துவிட்டன. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பாருங்கள், அடுத்த பத்து நாளில் இரண்டு தேறி எழுந்தன. பச்சை பிடித்தன. மாதக் கடைசியில் நாலு இலை!

"இருட்டுலயே வளர்த்துட்டேன்! இனி மெஷின் இந்த அறைக்குள்ள வராது."

"இருட்டா? நீங்க கண்ணசந்ததும் திரையைத் திறந்துடுவேனே. பத்து நாளா நல்ல வெயில்."

"எதுக்குடி திறந்தே?"

"இருட்டுல ஊசியில நூல் கோக்க முடியுமா?"

ஜன்னலோரம் பத்து நாளாக மடிக்காமல் கிடந்த துவைத்த துணிக்குவியலை அப்படியே வாரிக் கட்டிலில் போட்டாள். அடியில் மெஷின்.

"ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னியே!"

"சொன்னேன். நம்பினீங்க."

"என் தலைமாட்டுலயா தைச்சே?"

"பதினோரு கவுன். உங்க குறட்டையில எனக்குத்தான் மெஷின் சத்தம் கேக்கலை."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமூச்சு. செடி பிழைத்தது, தூக்கமும் பிழைத்தது. ஒரு மாதமாக எதற்குப் பயந்தேனோ, அதன் பக்கத்திலேயே பத்து நாள் சுகமாகத் தூங்கியிருக்கிறேன்.

"எனக்குத் தெரிஞ்சுடும்னு பயமே இல்லையா உனக்கு?"

"என்ன பயம்? துணியை மடிங்கன்னு தினமும்தான் சொன்னேன். மடிக்கமாட்டீங்கங்கற தைரியத்துலதான் மெஷின் மேல போட்டேன்."

குவியலின் மேலே கிடந்த சட்டையை எடுத்து உதறி, மடிக்க ஆரம்பித்தேன்.