ராகு காலமும் கெய்லாவின் கடைசி இரண்டு செமஸ்டரும்

எனக்கு ராகு காலத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. இப்படிச் சொல்கிற எல்லாரையும் போல நானும் அடுத்த வரியை "இருந்தாலும்" என்றுதான் ஆரம்பிப்பேன். கார் வாங்கியது, வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டது, பெண்ணை டேகேரில் சேர்த்தது எல்லாமே அந்த "இருந்தாலும்" பார்த்துச் செய்தவைதான். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, இன்னொருத்தியின் படிப்பு என் கையில் வந்து மாட்டும்வரை.

நான்கு வருடங்களுக்கு முந்தைய கதை இது. சன்னிவேலில் எட்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த பிறகு (எச்4 விசாவில் வந்தவர்களுக்குத் தெரியும், கணவருக்கு வேலை, நமக்கு வேடிக்கை) வேலை அனுமதி வந்து, பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் உதவித்தொகை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சேர்ந்து ஆறு மாதம்தான். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கலெக்டர் மிடுக்கோடு நடந்துகொண்டிருந்தேன்.

அங்கேதான் கெய்லா வந்தாள். நியூ மெக்சிகோவைச் சேர்ந்த பூர்வகுடிப் பெண், வயது இருபத்தைந்து, சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் போன்ற மாணவர்களுக்கு அரசு தரும் கல்வி உதவி, அவர்களுடைய இனத்தின் கல்வி அலுவலகம் வழியாக வரும். ஆனால் பத்து செமஸ்டர்தான். அதோடு கதவு மூடிவிடும். கெய்லாவின் அம்மாவுக்கு நடுவில் பெரிய ஆபரேஷன். பாதிப் படிப்பில் ஊருக்கு ஓடி, அம்மா கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். பாஸ் ஆகாத அந்த இரண்டு செமஸ்டரும் கணக்கில் ஏறிவிட்டன. பட்டம் வாங்க இன்னும் இரண்டு தேவை, கையில் இருப்பது பூஜ்யம்.

ஒரே வழி, கால நீட்டிப்பு கேட்டு மேல்முறையீடு. அவள் பங்கு விண்ணப்பத்தைப் போன வாரமே அனுப்பிவிட்டாள். கல்லூரி சார்பில் ஒரு கடிதத்தை நான் அந்த அலுவலகத்தின் இணையப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி.

"கவலையே படாதே, நான் பாத்துக்கறேன்" என்று ஆங்கிலத்தில் அவளிடம் சொல்லியிருந்தேன். அந்த வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

செவ்வாய் மதியம் இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கடிதம் தயார். நானே படித்துவிட்டு நானே கண் கலங்கினேன், அப்படி ஒரு கடிதம். சப்மிட் பட்டன்மேல் விரலை வைக்கப் போகிறேன், திரையின் மூலையில் மணி மூன்று ஆனது. செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை. விரல் தானாக நின்றுவிட்டது.

எனக்காக இருந்தால் அழுத்தியிருப்பேன் (மாட்டேன்). இது பாவம், அந்தப் பெண்ணின் வாழ்க்கை. நாலரைக்கு மேல் அனுப்பினாலும் அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறதே, நல்ல காரியம் நல்ல நேரத்தில் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்றரைக்குக் கெய்லாவே வந்து நின்றாள். "அனுப்பிட்டீங்களா?"

"இதோ, கடைசியா ஒரு தடவ பாக்கறேன்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே பக்கக் கடிதத்தை ஒரு மணி நேரம் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு காற்புள்ளியை எடுத்தேன். அதே காற்புள்ளியைத் திரும்பப் போட்டேன். அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு அவள் கேட்டாள், "அஞ்சு மணின்னா எங்க ஊர் நேரமா, இந்த ஊர் நேரமா?"

"நாம எந்த ஊர்ல இருக்கமோ அந்த ஊர் நேரம்தான்" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? ஒருத்தரையும் கேட்கவில்லை. கழுத்தில் இருந்த அட்டை பேசியது.

நாலு முப்பத்தொன்றுக்கு மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. மவுண்டன் நேரம் (கெய்லாவின் ஊர் நேரம்) மாலை ஐந்தோடு போர்ட்டல் மூடப்பட்டது. அதாவது எங்கள் நேரப்படி நான்கு மணிக்கே.

கெய்லா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். கத்தவில்லை. "லெட்டர் எப்ப ரெடி ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள். கோப்பின் பக்கத்திலேயே இருந்தது, முதலில் சேமித்த நேரம் 2:58.

சொன்னேன். ராகு காலம் என்றால் என்ன, ஏன் ஆகாது, எந்தக் கிழமைக்கு எப்போது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே காது கூசியது.

"அம்மாவுக்காக ஒரு வருஷம் போச்சு. அதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. இந்த ஒன்றரை மணி நேரம் எதுக்குப் போச்சுன்னு அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள். நான் அவமானத்தில் குறுகிப்போனேன்.

உடனே அந்தக் கல்வி அலுவலகத்துக்கு போன் போட்டேன். அங்கே ஐந்தே முக்கால் ஆகப் போகிறது. அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போகும் நேரத்தில் ஒரு வயதான பெண்மணி எடுத்தார். ஆர்லீன் என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவராம்.

"மாணவி அனுப்ப வேண்டியதை நேரத்துக்கு அனுப்பிட்டாளா?"

"அனுப்பிட்டா. தப்பு முழுக்க என்னோடது."

"அப்படின்னா கடிதம் தாமதமான காரணத்தை எழுதி, உங்க மேலதிகாரி கையெழுத்தோட ஃபேக்ஸ் பண்ணுங்க. நாளைக்குக் காலைல கமிட்டி. ஏத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. பத்து நிமிஷம் நிக்கறேன்."

"தொழில்நுட்பக் கோளாறு" என்று டைப் அடித்தேன். கெய்லா தலையை ஆட்டினாள். "அந்தப் பொய்யை அவங்க தினமும் படிக்கறாங்க. உள்ளத எழுதுங்க."

எழுதினேன். கல்லூரி முத்திரை போட்ட தாளில், "அதிகாரி தன் வழக்கப்படி அசுபமான ஒரு வேளை முடியக் காத்திருந்தார்" என்று. என் மேலதிகாரி டயான் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் ஈரோட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் அழுதேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, அங்க சூரியன் எத்தன மணிக்கு உதிக்குது?" என்றார்.

"ஆறேகால் இருக்கும். இருட்ட எட்டு மணி ஆயிருதுங்கம்மா."

"அப்பறம் எப்படி மூணு மணிக்கு ராகு காலம் வரும்? உதயத்துல இருந்து பகலை எட்டாப் பங்கு போட்டுல்ல பாக்கோணும்?" காகிதத்தில் ஏதோ கிறுக்கும் சத்தம் கேட்டது. "உனக்கு நாலரைக்கு மேலதான் ஆரம்பமே. ஆறு வரைக்கும் இருக்குது."

அதாவது ஒன்றரை மணி நேரம் நல்ல நேரத்தைப் பத்திரமாகக் கடத்திவிட்டு, ராகு காலம் பிறந்ததும் அழுத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்ட என் கணவர் சிரிப்பை அடக்க ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டார். என் பெண், "அம்மா, யூ ஹேட் ஒன் ஜாப்" என்றாள் (உனக்கு இருந்ததே ஒரே ஒரு வேலை என்று அர்த்தம்).

பதினாறு நாட்கள் பதில் இல்லை. கெய்லா என் ஜன்னல் பக்கமே வரவில்லை. கேன்டீனில் ஒருநாள் பார்த்தேன், அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். அன்றே ராஜினாமா கடிதம் ஒன்று எழுதி வைத்தேன் (அதை நேரம் பார்க்காமல் எழுதினேன்).

பதினேழாம் நாள் இரண்டு செமஸ்டரும் கிடைத்தன. அடுத்த வருட விண்ணப்பப் படிவத்தில், "காலக்கெடு எங்கள் ஊர் நேரப்படி. வேறு எந்த நேரமும் பார்க்க வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

மறு வருடம் மே மாதம் கெய்லாவின் பட்டமளிப்பு விழா. அழைத்திருந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துத் தன் அம்மாவிடம் கூட்டிப் போனாள். கைத்தடி ஊன்றி நின்ற அந்த அம்மாவிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் "நான்தான் மஞ்சுளா" என்றேன்.

"தெரியும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல யாராவது லேட்டா வந்தா, 'என்ன, மஞ்சுளாவா?'ன்னுதான் கேப்போம்."

நான் இதுவரை நியூ மெக்சிகோவுக்குப் போனதில்லை. அங்கே ஒரு வீட்டில் என் பெயரைச் சொல்லி வாரம் ஒருமுறையாவது சிரிக்கிறார்களாம்.