தண்ணீருக்கு நாடி பார்த்தவர்

மனிதனுக்கு நாடி பார்ப்பார்கள், தெரியும். மாட்டுக்கும் பார்ப்பார்கள் என்று சொல்கிறார்கள், இருக்கட்டும். குழாய்த் தண்ணீருக்கு நாடி பார்க்கும் மகான் ஒருவர் எங்கள் குடியிருப்புக்குத்தான் முதலில் எழுந்தருளினார். நாங்கள் செய்த பாக்கியம் அப்படி.

இருநூறு வீடுகள். ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு பம்ப் அறை. இவ்வளவுதான் எங்கள் குடிநீர் ராஜ்ஜியம். பத்து வருடமாக அதைக் கவனித்து வந்தவர் பம்ப் அக்கா. மோட்டார் போடுவது, குளோரின் கலப்பது, காலையில் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்து நோட்டில் எழுதுவது எல்லாம் அவர் வேலை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது மோட்டார் பழுதானால்தான் எங்களுக்கு நினைவுக்கு வரும்.

மகானுக்கு நாடி ஐயா என்று பெயர் வைத்தோம். குழாயடியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நானும் நின்றேன், வெட்கமில்லாமல், முன்வரிசையில். ஐயா கண்ணை மூடி, டம்ளர் தண்ணீரில் மூன்று விரலை வைத்தார். முகம் சுளித்தார். மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நாலு சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளாக மாறியது!

"பாத்தீங்களா? பித்தம்! உங்க தண்ணிக்குப் பித்தம் தலைக்கேறியிருக்கு. யாரோ மருந்தைக் கலந்து தண்ணியோட உயிரைக் கொல்றாங்க!"

தண்ணீருக்குத் தலை எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கை கூப்பிக் கண்ணீர் விட்டார்.

அன்றைக்கே சங்கம் கூடியது. குளோரினை நிறுத்த ஒரு தீர்மானம். பித்தத்தை இறக்கும் என்று ஐயா விற்ற 'நாடிக் கல்' ஒன்றைத் தொட்டிக்குள் போட ஒரு தீர்மானம். தண்ணீர் மூச்சு விட வேண்டுமாம், அதனால் தொட்டி மூடியைத் திறந்தே வைக்க இன்னொன்று. காக்கைகளுக்கு அழைப்பிதழ் அச்சடிக்காததுதான் பாக்கி.

"வேணாம்ண்ணே," என்று பம்ப் அக்கா மன்றாடினார். "கிணத்துக்குப் பக்கத்துலயே கழிவுக் குழி இருக்கு. குளோரின் இல்லன்னா புள்ளைங்களுக்கு வயித்தால போகும்."

"பம்ப் போடுற உனக்கு என்னம்மா தெரியும்?" என்ற செயலாளர், பம்ப் அறைச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஐயா மறுபடி சொட்டு விட்டார். தண்ணீர் நிறம் மாறவில்லை. "பித்தம் இறங்கிடுச்சு!" என்றார். கைதட்டலில் காது கிழிந்தது. வீடு தவறாமல் நாடிக் கல் வாங்கினோம். என் மனைவி இரண்டு வாங்கினாள், பானைக்கு ஒன்று, என் முன்கோபத்துக்கு ஒன்று.

பத்தாம் நாள் எங்கள் வயிறுகள் பேச ஆரம்பித்தன. ஐயா அசரவில்லை. "உள்ள இருந்த நஞ்சு வெளியேறுது. நல்ல அறிகுறி!" அந்த நல்ல அறிகுறியோடு நாங்கள் கழிவறைக்கும் கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை, குழாயடியில் ஐயா அருள் பாலித்துக்கொண்டிருந்தபோது தையற்காரர் ஓடிவந்தார். தோளில் அவருடைய மூன்று வயது மகள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி துவண்டு கிடந்தாள்.

"சாமி, ராத்திரியிலேருந்து வயித்தால போறது நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

"ஊசி போட்டா தண்ணியோட சக்தி போயிடும். இன்னும் ஒரு சொம்பு குடு, சரியாகிடும்."

தையற்காரர் சொம்புக்குக் கை நீட்டினார். பம்ப் அக்கா அந்தக் கையைப் பிடித்தார். இடுப்பில் ஒரு குடம். காலையில் அதோடுதான் வந்திருந்தார்.

"நில்லு தம்பி. வண்டிக்குச் சொல்லிட்டேன், இப்ப வந்துடும். அதுக்குள்ள, ஐயா, இந்தத் தண்ணிக்கும் கொஞ்சம் நாடி பாருங்க."

குடத்திலிருந்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஐயா ஒன்றில் விரல் வைத்தார். "அடடா, என்ன துள்ளல்! எவ்வளவு உயிர்!" சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. "பித்தமே இல்லாத அமிர்தம்!"

"துள்ளாம என்னங்க? கழிவுக் குழி ஓரத்துல தேங்கின தண்ணி. நாலு மடிப்புத் துணியில வடிகட்டிக் கொண்டாந்தேன். உயிருக்கா பஞ்சம்? கோடிக்கணக்குல நெளியுது!"

அக்கா தன் பையிலிருந்து அதே மாதிரி ஒரு குப்பியை எடுத்தார்.

"இது மந்திரமில்ல, கடையில விக்கிற சொட்டு. தண்ணியில குளோரின் இருந்தா மஞ்சளாகும். இல்லன்னா ஆகாது. தினம் அந்த மஞ்சளைப் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி. கிருமி அண்டாம காவல் இருக்குன்னு காட்டுற நிறத்தை இவரு பித்தம்னாரு. நீங்களும் காவலைத் தூக்கிட்டீங்க."

"பொய்! சூழ்ச்சி!" என்று ஐயா கத்தினார்.

தையற்காரர் சொட்டு விடாத டம்ளரை எடுத்து ஐயாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "அமிர்தம்னீங்களே, குடிங்க."

"நான்... இன்னிக்கு விரதம்."

"தண்ணி கூடவா?"

"முக்கியமா தண்ணி!"

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு குழாயடியே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஐயா பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டார். குதித்த இடத்தில் அமிர்தம் முழங்கால் அளவு இருந்தது.

அதைப் பார்க்கத் தையற்காரர் நிற்கவில்லை. வண்டி வந்ததும் மகளோடு ஏறிவிட்டார். இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாளாம். அதற்குள் தொட்டியைக் கழுவி, மூடியைப் போட்டு, குளோரின் கலந்தாகிவிட்டது. செயலாளர் சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

குழந்தை வீடு திரும்பிய அன்று பார்க்கப் போனோம். கூட்டத்தில் ஒருவர் மெல்ல ஆரம்பித்தார்: "ஆள்தான் மோசம். ஆனா அந்தக் கல்லுல ஏதோ ஒரு சக்தி..."

ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த மகளின் சின்னக் கையைத் தூக்கி, தையற்காரர் அப்படிப் பேசியவரின் முகத்துக்கு நேரே காட்டினார்.

யார் வந்தாலும் குனிந்தே பழகிய தலைகள் நாங்கள். ஒரு தலையாவது நிமிர்ந்து 'ஏன்?' என்று கேட்டிருந்தால் அந்தக் கைக்கு இந்தக் கதி வந்திருக்காது. நீங்களாவது நிமிர்ந்து கேளுங்கள் ஐயா, கழுத்து ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது!