இருபத்தோராம் நாள் எடுத்த ரத்தம்

திருப்பாச்சூர்
12-12-1976

மீஞ்சூரில் இருக்கும் அன்புள்ள அக்கா கெங்கம்மாளுக்குத் தம்பி சடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாடு கன்று முதற்கொண்டு எல்லோரும் சுகம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் மருமகளாகிய என் மகள் சந்திரகலாவின் ரத்தம் நம்மைக் கவிழ்த்துவிட்டது. சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருப்பதால்தான் விலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, குழந்தையும் உண்டாகவில்லை என்று விக்டோரியா என்கிற பட்டணத்து டாக்டரம்மா மாத்திரை கொடுத்ததும், அது வேலை செய்கிறதா என்று விலக்கானதிலிருந்து இருபத்தோராம் நாள் ரத்தத்தில் பார்ப்பதாகச் சொன்னதும் உனக்குத் தெரியும். ரத்தத்தில்தான் தீர்ப்பு என்ற பிறகு நான் சும்மா இருப்பேனா? மூன்று வாரம் ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையுமாகப் போட்டுப் பரீட்சைக்கு அனுப்புவதுபோல் அவளைத் தயார் செய்தேன். அந்த நாள் பார்த்துச் செவ்வாய்க்கிழமையாக வந்து தொலைந்தது. புதன்கிழமை போகலாமே என்றேன். "இன்னா நைனா, செவ்வாக்கிழமைன்னு மாத்திரை வேலைய நிறுத்திட்டுக் குந்திக்கினு இருக்குமா?" என்று உன் மருமகள் என்னையே மடக்கினாள். சரியென்று கிளம்பினால் ரயில் செவ்வாப்பேட்டையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தோம். ஆண்களை உள்ளே விடவில்லை. என் பெண்டாட்டி பச்சையம்மாதான் மகளோடு போனாள், நான் வாசல் மரத்தடியில் சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் வந்தது. மாத்திரை வேலை செய்ததற்கு அடையாளமே இல்லையாம். "இருபத்தாறு வயசுப் பொண்ணு ரத்தம் மாதிரியே இல்லியேப்பா" என்று டாக்டரம்மாவே தலையில் கை வைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும் தை பிறந்தால் உன் மகன் பரசுராமனுக்கு வேறு பெண் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். அக்கா, இது நியாயமா? நீ தூக்கி வளர்த்த பெண் அவள். ரெண்டே மாசம் பொறுத்துக்கொள், உன் காலில் விழுகிறேன்.

மாமாவுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளை பரசுராமன் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி
சடையப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது பச்சையம்மா எதிரில் வந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "ஊசியப் பார்த்ததும் பொண்ணு மயங்கி வுயுந்துடுச்சு. நர்சம்மா 'யாரு சந்திரகலா, சீக்கிரம் வா'ன்னு கத்திக்கினே கீது. நான் இன்னா பண்றது? என் கைய நீட்டிட்டேன். நான் பெத்த பொண்ணுதானே, ரெண்டும் ஒரே ரத்தந்தானே?" என்கிறாள். மயங்கிக் கிடந்த சந்திரகலாவுக்கே இது தெரியாது. விலக்கு நின்று ஆறு வருஷமானவளின் ரத்தம் அக்கா அது! பரசுராமனை விட்டுவிடு. அந்த ரிப்போர்ட்டை வைத்து யாருக்காவது இரண்டாவது பெண் பார்ப்பதென்றால் எனக்குத்தான் பார்க்க வேண்டும்.