நீலம் வராத குழாய்

"மஞ்சள்! நேத்து பச்சை, இன்னைக்கு மஞ்சள்! என்னய்யா தின்னீங்க?"

ஒச்சாயி இடுக்கியில் பிடித்த சோதனைக்குழாயை அப்பன் கருத்தக்கண்ணனின் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"கேப்பக்களியும் கீரையும்தான் தாயி."

"பொய்! குழாய் பொய் சொல்லாது."

பேரையூரில் அந்தத் தெருவுக்கே முதல் பி.எஸ்ஸி. அவள். அப்பனுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும் அடுப்படியை ஆய்வுக்கூடமாக்கிவிட்டாள். நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சவேண்டும். நீலமாகவே நின்றால் தப்பித்தோம். செங்கல் நிறமானால் மோசம். கருத்தக்கண்ணன் தினமும் விடியலில் சீசாவைத் துண்டில் சுற்றிக் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டு, களவாண்டவர் மாதிரி நழுவிவிடுவார்.

மேலூர் தாலுகா ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும்.

"நீலம் காட்டுங்க, பஸ் ஏறுறேன். இல்லேன்னா இதைக் காய்ச்சிக் காய்ச்சியே நான் கெழவியாகணும்!"

அன்றே அவருடைய கருப்பட்டிக் காப்பியைப் பிடுங்கினாள்.

"போட்ட காப்பியக் கீழயா ஊத்துறது?" என்று ஆத்தா சின்னத்தாய் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் ஆரஞ்சு.

கல்யாண வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியை ஆத்தாளிடம் கொடுத்தாள். மனுசனுக்குப் பாகற்காய்ச் சாறு. கண்மாய்க்கரையை மூன்று சுற்று ஓடவும் விட்டாள்.

"வேட்டி இடுப்புல நிக்கலை தாயி."

"நிக்காட்டி கயித்தக் கட்டுங்க. ஓடுங்க!"

ஆத்தா செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "பாவம்டி அந்த மனுசன்" என்றாள்.

"நீ பேசாத. நீதான் அவருக்குச் செல்லம் குடுக்குற!"

ஞாயிற்றுக்கிழமை குழாய் செங்கல் சூளையாகச் சிவந்தது.

ஒச்சாயி குழாயைத் தரையில் போட்டு உடைத்தாள். "நல்லா இருங்க! நான் படிச்சது, பரீட்சை எழுதுனது எல்லாம் உங்க நாக்குக்குப் பலி. வேலை வேணாம்னு சொல்லிர்றேன். நாளையிலருந்து தெனம் ஊசி. நானே குத்துறேன்!"

கருத்தக்கண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

ஆத்தா வாயிலிருந்த அதிரசத்தை அவசரமாக விழுங்கினாள்.

"அவரை ஏன்டி குத்தப்போற? பொம்பளப்புள்ள கையில மூத்திரத்தக் குடுக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, மொத நாள்லருந்து அந்த மனுசன் என்னோடதையில்லடி சீசாவுல வாங்கி வைக்கிறாரு!"